மூன்று வாரம் என்று சொல்லிவிட்டுப் போன ஊர்

ஆகஸ்ட் 29, 2024, வியாழன்: எல்லை

பெருங்காயத்துக்குச் சீன மொழியில் என்ன பெயர் என்பது இன்று மதியம் வரை எனக்குத் தெரியாது. மூன்று பிளாஸ்டிக் உறைகளுக்குள் போட்டு, மேலே ஒரு துண்டையும் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். லாவோஸிலிருந்து சீனாவுக்குள் நுழையும் மோஹான் எல்லை நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்ததுமே முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு கையுறை மாட்டிய இரண்டு விரல்களால் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன?" என்றார்.

"சமையல் பொருள்" என்றேன்.

"என்ன பொருள்?"

கடந்த சில ஆண்டுகளாகத் திருப்பூரில் சீன இயந்திரக்காரர்களுக்கும் நம் ஃபிட்டர்களுக்கும் நடுவில் நின்று பேசிப் பிழைத்தவள் நான். ஊசி, பெல்ட், பேரிங், சாயம் என்று சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவசரத்துக்கு வாயில் வந்தது "பிசின்". துணிக்கு மொடமொடப்பு ஏற்றும் ரசாயனத்துக்கும் அதே சொல்தான். அதிகாரியின் புருவம் ஏறியது. "சாப்பிடுகிற பிசின்" என்று திருத்தினேன். இன்னும் ஏறியது.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆ வெய்" என்றார். "மருந்து அது. வயிற்று உப்புசத்துக்கு." அதிகாரி கைபேசியில் தேடிப் பார்த்தார், படத்தையும் பொட்டலத்தையும் ஒப்பிட்டார், திருப்பி வைத்துப் பெட்டியைத் தாமே மூடினார். சீன வைத்தியத்தில் பெருங்காயம் பழைய சரக்கு என்பதைப் பெரியவர் அடுத்த அரை மணி நேரம் எனக்கு விளக்கினார். கொசு மருந்துப் புட்டியை மட்டும் லாவோஸ் தலைநகர் வியன்தியான் நிலையத்திலேயே பறிகொடுத்திருந்தேன். இந்த ரயிலில் தெளிப்பான் எதையும் எளிதில் ஏற்றவிடமாட்டார்கள்.

வியன்தியானிலிருந்து, தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாநிலத் தலைநகர் குன்மிங் வரை 1,035 கிலோமீட்டர். 2021 டிசம்பரில் திறந்த பாதை. எல்லை தாண்டும் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். காலையில் ஏறினால் அன்றே போய்ச் சேரலாம். ஜன்னலோரம் கேட்டு வாங்கியது வீண். மலையைப் பார்க்கிறோம் என்று கண்ணை ஊன்றுவதற்குள் சுரங்கம் வந்துவிடுகிறது. எல்லையின் அடியில் போகும் சுரங்கம் மட்டுமே ஒன்பதரைக் கிலோமீட்டருக்கு மேல். நாள் முழுக்க என் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

விமானத்தில் போகாமல் இப்படிச் சுற்றி வருவதற்குக் காரணம், மெதுவாகப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம்தான். குன்மிங்கில் சீன மொழி படித்துக்கொண்டிருந்தவள், 2020 ஜனவரியில் பொங்கலுக்காக ஊருக்குக் கிளம்பினேன். ஒரே ஒரு கைப்பெட்டி. மூன்று வாரத்தில் திரும்பிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த மார்ச் 28-ஆம் தேதி, விசா உள்ள வெளிநாட்டவர்களும் வர வேண்டாம் என்று சீனா கதவைச் சாத்தியது. இந்திய மாணவர்களுக்கு மறுபடி விசா கொடுக்க 2022 ஆகஸ்ட் ஆயிற்று. அதற்குள் எனக்கு வேலை, மாதத் தவணை, எல்லாம் வந்துவிட்டன. இப்போது ஒரு பருவத்துக்கு மட்டும் விடுப்பு வாங்கிக்கொண்டு, முப்பத்து மூன்று வயதில் மறுபடியும் மொழி மாணவி.

இரவு குன்மிங் தெற்கு நிலையத்தில் இறங்கியபோது மழை. நகரத்தின் நடுவுக்கு மெட்ரோவில் ஆறு யுவான். ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய். பிடித்துத் தொங்குகிற வளையம் முதல் நிலையத்தின் பெயரைச் சொல்லும் பெண் குரல் வரை எல்லாம் பழக்கமானவை. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எதிரில் இருந்த பையன் நகர்ந்து உட்கார்ந்தான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி: தொலைந்த எண்

குன்மிங்கை "என்றும் வசந்த நகரம்" என்பார்கள். உண்மைதான். கடல்மட்டத்திலிருந்து 1,890 மீட்டர் உயரம், கோத்தகிரியைவிடச் சற்று மேலே. ஆனால் இதே ஊர்க்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: ஒரு மழை பெய்தால் குளிர்காலம். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் மறந்திருந்தேன். ஸ்வெட்டர் இல்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினேன். துண்டில் பெருங்காய மணம்.

காலை உணவுக்குச் சுட்ட அர்க்குவாய். அரிசியை வேகவைத்து இடித்துத் தட்டிய ரொட்டி. கரியடுப்பில் உப்பவைத்து, உள்ளே காரமும் இனிப்பும் கலந்த விழுதைத் தடவி, எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி ஒன்றை வைத்து மடித்துத் தருவார்கள். 2019-இல் ஐந்து யுவான், இப்போது எட்டு. நூறு யுவான் தாளை நீட்டினேன். வண்டிக்காரப் பெண் அதை எங்கள் ஊரில் செல்லாத ஐந்நூறைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வாங்கமாட்டேன் என்று சொல்லவில்லை, சில்லறைதான் இல்லை. அவர் கல்லாப்பெட்டியில் இருந்தவை ஒரு ரப்பர் பேண்டும் இரண்டு முட்டையும். எல்லோரும் கைபேசியில்தான் கொடுக்கிறார்கள். "நாளைக்குக் கொடு" என்று ரொட்டியைக் கையில் திணித்தார்.

கைபேசியில் கொடுக்கலாம்தான். பணம் செலுத்தும் செயலியில் என் பழைய கணக்கும், அதில் 86 யுவானும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் திறக்க வேண்டுமானால் பழைய எண்ணுக்கு வரும் குறியீட்டை இட வேண்டும். அந்த எண் காலாவதியாகி வேறு யாருக்கோ போய்விட்டது. துணிந்து அதையே அழைத்தேன். எடுத்தவர் ஜாவ்தோங் பக்கத்து ஆப்பிள் வியாபாரி.

"யே என்பது நீதானா?" என்று கத்தினார். அது என் சீனப் பெயர். "மூன்று வருடமாக உன்னைத் தேடி எனக்கு அழைப்பு வருகிறது. நூலகத்தில் ஒரு புத்தகம் திருப்பித் தரவில்லையாமே?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு, குறியீடு வந்தால் படித்துச் சொல்ல முடியுமா என்று இழுத்தேன். அவர் குரல் உடனே மரியாதையாக மாறியது. "தங்கச்சி, குறியீட்டை யாருக்கும் சொல்லாதே என்று போலீஸ் வீடு வீடாக வந்து சொல்லியிருக்கிறது. உன்னை நம்புகிறேன். ஆனாலும் சொல்லமாட்டேன்." சரியான மனிதர். புது எண், புதுக் கணக்கு என்று மாலை வரை அலைந்தேன். 86 யுவான் அங்கேயே கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 31, சனி: சந்து

எட்டு யுவானைக் கொடுத்துவிட்டு நேராகச் சந்துக்குப் போனேன்.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கும் பசுமை ஏரிக்கும் இடையில், ஆறு மேசை போட்ட ஒரு மீஷியன் கடை இருந்தது. மீஷியன் என்றால் அரிசி நூடுல்ஸ். இடியாப்பத்தை நீளமாகப் பிழிந்து, சிக்கெடுத்துக் குழம்பில் விட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு குட்டிச் செம்புச் சட்டி; அதிலேயே எலும்புச்சாறு, கொத்திய பன்றி இறைச்சி, புளித்த கடுகுக்கீரை, மிளகாய் எண்ணெய் எல்லாம் கொதிக்கும். (அம்மா இதைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.) கடைக்காரம்மாவை எல்லோரும் நியாங்நியாங் என்று கூப்பிடுவோம். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாவற்றுக்கும் பொதுவான தென்மேற்குச் சொல் அது. என் சீன மொழியில் பாதி அந்த ஆறு மேசையில் கற்றது. வேண்டாம் என்பதற்கு வகுப்பில் "பு யோங்". இங்கே "பு ஷியாவ்". தெருவுக்கு வகுப்பில் "ஜியே", இங்கே "கை". சந்தைக்குப் போவதைச் சொல்லும்போது நியாங்நியாங் வாயில் கை, கை என்றுதான் கேட்கும். முதல் மாதம் முழுவதும் என் கையில் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுதி அறையில் சமைக்கக் கூடாது. அதனால் ஊரிலிருந்து கொண்டுவந்த ஐந்து லிட்டர் குக்கரை அவர் கடையில்தான் வைத்திருந்தேன். மூன்று வாரம் என்று சொல்லிவிட்டுப் போனது அவரிடமும்தான்.

கடை இருந்த இடத்தில் பால்தேநீர்க் கடை. இளஞ்சிவப்பு விளக்கு, வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள், ஒரு கோப்பை 16 யுவான். கோப்பையை நீட்டிய பெண்ணிடம் முன்பிருந்த கடையைப் பற்றிக் கேட்டேன். "நான் ஜூனில்தான் சேர்ந்தேன்" என்றாள். எதிரில் சாவி செய்பவர் இருப்பார், அவரும் இல்லை. ஒரு கோப்பை வாங்கிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

இந்த எரிச்சலுக்குக் குன்மிங் பேச்சில் அருமையான சொல் உண்டு: "பேய்நெருப்பு பச்சையாக எரிகிறது." நியாங்நியாங் காய்கறிக்காரனைத் திட்டும்போது கற்றுக்கொண்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்: தகுதித் தேர்வு

2019-இல் எச்.எஸ்.கே என்னும் சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை தேறியவள் நான். இன்று வகுப்புப் பிரிக்கும் தேர்வு. வாசிப்பில் பிழையில்லை. எழுதச் சொன்னபோதுதான் சிக்கல். பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோவது என்று சீனர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். எல்லாம் கைபேசியில் தட்டித் தட்டி வந்த வினை. "போர்வை" என்று எழுத வேண்டிய இடத்தில் ஐந்து நிமிடம் விட்டத்தைப் பார்த்தேன். "பேரிங்" என்றால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன்.

நேர்காணலில் ஹார்பின் ஊரைச் சேர்ந்த இளம் ஆசிரியை சொந்த ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார். நிலக்கோட்டைப் பூச்சந்தையைப் பற்றிப் பேசினேன். பூவை "ஏற்றுமதித் தரம்" என்றேன், மல்லிகை வாடுவதற்கு "பழுதாகிறது" என்றேன். ஆசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மீன். செந்தமிழ் போன்ற சீனத்தில் அது "யூ", உதட்டைக் குவிக்க வேண்டும். குன்மிங்கில் உதடு குவியாது; "யி" என்பார்கள். நியாங்நியாங் பழக்கிய வாய் அல்லவா, "யி சாப்பிட்டேன்" என்றேன். அந்த ஒலிக்குப் பொதுமொழியில் சித்தி என்று பொருள்.

"யாருடைய சித்தியை?" என்றார் ஆசிரியை. அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பக்கம் இயந்திரத்தின் விளக்கக் கையேடு, இன்னொரு பக்கம் சந்துக்கடைப் பாட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையே" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சரியாகவும் சொன்னார்.

நடுநிலை வகுப்பு, இரண்டாம் பிரிவு. நான் விட்டுப்போன வகுப்புக்கு ஒரு படி கீழே. லாவோஸ், வியட்நாம், தாய்லாந்து, மியன்மார், வங்கதேசப் பிள்ளைகள். பாதிப் பேர் பத்தொன்பது வயது. பக்கத்தில் உட்கார்ந்த லாவோஸ் பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஆசிரியை என்று நினைத்துவிட்டான்.

செப்டம்பர் 5, வியாழன்: காளான்

வகுப்புப் பிள்ளைகள் காளான் சாப்பிட அழைத்தார்கள். மழைக்காலம் காளான் காலம். ஜூனிலிருந்து சந்தை முழுக்க அதுதான். ஜியான்ஷோசிங் என்று ஒன்று, "கை பட்டால் நீலம்" என்று பொருள். அழுத்தினால் உண்மையிலேயே நீலமாக மாறுகிறது. சரியாக வேகாமல் தின்றால் குட்டிக் குட்டி மனிதர்கள் கண்ணெதிரே நடமாடுவார்களாம். யுன்னானில் இது வேடிக்கைப் பேச்சு அல்ல. வருடா வருடம் மருத்துவமனைக்கு ஆள் போகிறது.

ஆகவே கடையில் ஒழுங்குமுறை பலம். சட்டியை அடுப்பில் ஏற்றியதும் பணிப்பெண் மேசையில் நேரக்கருவியை வைத்தார்: இருபது நிமிடம். அதுவரை சாப்பிடும் குச்சிகளைத் தரமாட்டார். கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எட்டுப் பேர் கொதிக்கிற சட்டியைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு, பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறு வராத கூட்டம்போல உட்கார்ந்திருந்தோம். மணி அடித்ததும் முதலில் ஒரு சின்னக் குப்பியில் சாற்றை எடுத்து எண் ஒட்டி வைத்தார்கள். நமக்கு ஏதாவது ஆனால் பரிசோதிக்க.

சுவை? முதல் கரண்டியில் பேச்சு நின்றுவிட்டது. இறைச்சியைப் போலவும் இருக்கிறது, மழை பெய்த மண்ணைப் போலவும் இருக்கிறது. ஆளுக்கு 95 யுவான், மாணவர்களுக்கு அதிகம்தான். பாதியில் லாவோஸ் பையன், "அக்கா, உங்கள் தோளில் ஒரு குட்டி மனிதர் உட்கார்ந்திருக்கிறார்" என்றான். எல்லோரும் சிரித்தோம். பணிப்பெண் சிரிக்கவில்லை. மேலாளரோடு திரும்பி வந்தார். அவன் பொய் சொன்னான் என்று நம்பவைக்கப் பத்து நிமிடம் பிடித்தது. அவன் கண்ணிமையைக்கூட இழுத்துப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு: குன்யாங்

தியான் ஏரியின் தென்கோடியில் குன்யாங் என்ற சிற்றூர். முன்பு இரண்டு ஆண்டு இருந்தும் போகவில்லை. இன்று இரண்டு பஸ் மாறிப் போனேன்.

சீனாவின் பெரிய கப்பல் தளபதி செங் ஹ 1371-இல் இங்கே பிறந்தவர். கடலே இல்லாத மலை மாநிலத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. 1405 தொடங்கி ஏழு முறை இந்தியப் பெருங்கடலுக்குக் கப்பல் கூட்டத்தோடு வந்தார். எனக்கு அவர்மேல் உள்ள ஆர்வம் வேறு. 1409 என்று தேதியிட்டு அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டு ஒன்று காலி நகரில் 1911-இல் கிடைத்தது. கால்வாய்க்கு மூடுகல்லாகக் கிடந்ததாம். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாமுக்கு, தமிழில் தேவந்துறையில் கோயில் கொண்ட தென்னாவர நாயனாருக்கு. ஒரே கல்லில் மூன்று வீட்டுக்கும் சீர் செய்த மனிதர். கல்யாண வீட்டில் சம்பந்திகளைச் சமாளித்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

சிறு குன்றின்மேல் பூங்கா. அவருடைய தந்தையின் கல்லறையும், செங் ஹ எழுதவைத்த கல்லும் அங்கே இருக்கின்றன. முதல் பயணம் கிளம்பிய அதே 1405-ஆம் ஆண்டுக் கல். தூறல். என்னைத் தவிர, சீட்டாடும் நான்கு கிழவர்கள். ஒருவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எந்த நாடு என்றார். சொன்னேன். உங்கள் ஊர்க்காரர் என் மொழியில் கல்வெட்டு வைத்திருக்கிறார் என்றும் சொன்னேன்.

"எந்த மொழி?"

"தாய்மியர்." தமிழுக்குச் சீனத்தில் அதுதான் பெயர்.

"ஓ, தாய்லாந்து!"

இது எனக்கு நூறாவது முறை. இல்லை என்று தொடங்கி, தென்னிந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மற்ற மூவரிடமும் திரும்பி, "தாய்லாந்துப் பெண். நம் செங் ஹவைப் பார்க்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறாள்" என்றார். சூரியகாந்தி விதை ஒரு கைப்பிடி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 11, புதன்

மழை. ஸ்வெட்டர் வாங்கினேன், 79 யுவான். பின்னலைப் பார்த்த உடனே எத்தனை ஊசி இயந்திரம் என்று மனசு கணக்குப் போடுகிறது. திருப்பூர் என்னை விடாது.

மாலையில் யுன்னான் ஆசிரியப் பல்கலைக்கழக வளாகத்தில், போர்க்காலப் பல்கலைக்கழகம் இருந்த இடத்தைப் பார்த்தேன். ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பி, பெய்ஜிங்கிலிருந்தும் தியான்ஜினிலிருந்தும் மூன்று பல்கலைக்கழகங்கள் ஓடிவந்து 1938 முதல் 1946 வரை இங்கே ஒன்றாக நடந்தன. இயற்பியலில் 1957 நோபல் பெற்ற யாங்கும் லீயும் இங்கே படித்தவர்கள். வகுப்பறைக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் வாத்தியார் குரல் கேட்காது. ஒரு பேராசிரியர் கரும்பலகையில் "வகுப்பு நிறுத்தம், மழையை ரசியுங்கள்" என்று எழுதிப்போட்டு உட்கார்ந்துவிட்டார் என்று கதை சொல்வார்கள். எங்கள் ஆசிரியையிடம் காலையில் இதைச் சொல்லிப் பார்த்தேன். நம் கூரை கான்கிரீட் என்றார்.

செப்டம்பர் 14, சனி: சத்தம்

இன்று சனிக்கிழமை, ஆனாலும் வகுப்பு. நடு இலையுதிர்த் திருநாளுக்கு மூன்று நாள் விடுமுறை கொடுத்துவிட்டு, அதில் ஒரு நாளை இப்படி முன்கூட்டியே வசூலித்துக்கொள்கிறார்கள். விடுமுறையைக் கடனாகத் தரும் அரசாங்கத்தை இங்கேதான் பார்த்தேன்.

பசி, தூக்கம், கடுப்பு. பின்வாசலில் வழக்கமான வழியில் சாலைப் பணி நடந்ததால் இரண்டு சந்து தள்ளிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். அப்போது கேட்டது: விசில்.

சீனக் குக்கர் விசில் அடிக்காது. தலையில் உள்ள குண்டு சுழன்றுகொண்டே உஸ் என்று சலிக்காமல் இரையும். மூச்சைப் பிடித்து, ஏறி, ஒரே வீச்சாக அலறிவிட்டு அடங்குவது நம்முடையதுதான். இதுவும் அப்படித்தான் அலறியது. ஆனால் சளி பிடித்த குரல். முடிவில் காற்றுப் போகிற மாதிரி ஓர் இழுப்பு. ஓடவில்லை. குடையை மடக்கக்கூட இல்லை. இரண்டாவது விசில் வரட்டும் என்று நடுச்சந்தில் நின்றேன். பின்னால் வந்த மின்ஸ்கூட்டர்க்காரர் ஒலியெழுப்பி ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது.

மூன்று மேசைக் கடை. புதுப் பெயர்ப்பலகை. அடுப்பருகில் முப்பது வயது மதிக்கத்தக்க ஆள். ஓரத்து அடுப்பில் கைப்பிடி கருகிய ஐந்து லிட்டர் குக்கர். மூடியில் என் அம்மா பொறித்துக் கொடுத்த பெயரின் முதல் எழுத்து.

"என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றார் அவர், பொதுமொழியில்.

"சிறு சட்டி மீஷியன். மீன்புதினா வேர் பு ஷியாவ்." அந்த வேரை மட்டும் என்னால் இன்றுவரை சகிக்க முடியாது. மீன் தொட்டியைக் கழுவிய நீரில் முளைத்ததுபோல இருக்கும். என் வாயில் குன்மிங் பேச்சைக் கேட்டதும் அவர் திரும்பிப் பார்த்தார். 14 யுவான். முன்பு 9. புளித்த கீரை குறைவு, மிளகாய் எண்ணெய் அதே. சட்டியின் அடி தெரியும் வரை எதையும் கேட்கவில்லை. குக்கர் ஐந்தாவது விசிலோடு நின்றது. அவர் பார்க்காமலேயே கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.

"அதில் என்ன வேகிறது?"

"சிவப்பு பீன்ஸ். புளிக்கீரை போட்டுச் சூப் வைக்க."

"ஏன் ஐந்து?"

தோளைக் குலுக்கினார். "அம்மா சொல்லியிருக்கிறார். பீன்ஸுக்கு ஐந்து, உருளைக்கிழங்குக்கு இரண்டு. இந்தச் சட்டி கத்துகிற சட்டி, எண்ணிக்கை தப்பினால் கோபித்துக்கொள்ளும் என்பார்."

உருளைக்கிழங்குக்கு இரண்டு என்று சொல்லிக்கொடுத்தது நான்.

செப்டம்பர் 17, செவ்வாய்: திருநாள்

நிலவு இல்லை, மேகம். யுன்னான் நிலாப் பணியாரத்துக்குள் பன்றித்தொடையும் தேனும் வைப்பார்கள். உப்பும் இனிப்பும் சேர்ந்த விநோதம். நான்கு வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். சனிக்கிழமை நான் யாரென்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். மகனுக்கு என்னை நினைவில்லை, அப்போது அவர் ஷென்சென்னில் வேலையில் இருந்தாராம். நியாங்நியாங் இப்போது சூஜிங்கில் மகள் வீட்டில், பேரனைப் பார்த்துக்கொள்கிறார். 2021-இல் வாடகை ஏறியதும் கடையை மாற்றியிருக்கிறார்கள்.

மகன் கைபேசியில் முகம் பார்க்கும் அழைப்பு போட்டார். திரை முழுக்க முதலில் ஒரு குழந்தையின் நெற்றி. பிறகு நியாங்நியாங். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"மூன்று வாரம் என்றாயே" என்றார்.

நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. வகுப்பில் ஆசிரியையிடம் திருத்தி வாங்கியவை. ஒன்றும் வரவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. அந்தச் சட்டி ஒழுங்காகக் கத்துவதில்லை, ஓரமெல்லாம் ஆவி போகிறது, மகன் சந்தையில் வாங்கிப் போட்டது பொருந்தவில்லை, இந்தியச் சட்டிக்கு இந்தியச் சாமான்தானே வேண்டும், வெறுங்கையோடு வந்திருக்கிறாயே, என்று அடுக்கினார். மகன் குக்கரை மேசையில் கொண்டுவந்து வைத்து மூடியைத் திறந்தார். "அம்மா, சட்டியை இவருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். "நீ எதில் பீன்ஸ் வேகவைப்பாய்?" என்றது திரை.

கேஸ்கெட் இற்றுப்போய், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கேஸ்கெட்டுக்குச் சீன மொழியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், உணவுத்தர சிலிக்கோன், எல்லாம் தெரியும். மகன் அளவுநாடா எடுத்துவந்தார். நான் அளந்து சொல்லச் சொல்ல அவர் ரசீதுத் தாளின் பின்பக்கம் எழுதினார். "இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, எதற்கு மறுபடியும் வகுப்பு?" என்று கேட்டார்.

அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்: ஐந்து லிட்டர் கேஸ்கெட், மூன்று. அம்மா உடனே பதில் போட்டார்: யார் வீட்டுக் குக்கருக்கு?